இலை வண்ண அட்டை: ஓராண்டு கையில் வைத்திருந்த பிறகு

கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் பட்டை; அதில் வரிசையாக ஆறு பச்சை. முதல் பச்சை, அப்போதுதான் விரிகிற வாழைக்குருத்தைப் போல மஞ்சள் கலந்தது. ஆறாவது, மழை விட்ட பிறகு பலா இலையில் பார்க்கிற கருமை. ஒவ்வொன்றிலும் நெல் இலையின் நரம்பைப் போல மெல்லிய வரிகள் ஓடுகின்றன. நெல்லுக்கு யூரியா எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது என்று இலையின் நிறத்தை வைத்துச் சொல்லுகிற சாதனம் இது. சித்தப்பா மகன் போன ஆண்டு கும்பகோணம் பக்கம் கோயில்களுக்குப் போனபோது வாங்கி வரச் சொன்னேன். "எல்லோரும் பட்டுப்புடவை கேட்பார்கள் அக்கா, நீங்கள் பிளாஸ்டிக் பட்டை கேட்கிறீர்கள்" என்று அலுத்துக்கொண்டே வாங்கி வந்தான். 90 ரூபாய் ஆனது என்றான்.

எனக்கு நெல்வயல் கிடையாது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் வரிசை வீடு. வீட்டின் பின்பக்கச் சந்தின் ஓரமாக நான்கு பாத்தி, ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். கத்திரி, மிளகாய், தண்டுக்கீரை, பயற்றங்காய். மூலையில் ஒரு முருங்கை. இதற்கு நெல் அட்டை எதற்கு என்று கேட்டால், பால் டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் அம்மாவுக்கு 84 வயது. நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்தில் இருபது ஆண்டுக்கு மேல் உரம் போட்டவர். இடுப்பில் பேசின், கையில் குவளை, மரத்துக்கு இத்தனை குவளை என்று மண்டோர், அதாவது தோட்ட மேஸ்திரி, சொன்ன கணக்கு. அந்தக் கை அளந்தால் தப்பாது என்று நினைத்து, கத்திரிப் பாத்திக்கு யூரியா எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு பால் டின் போடு" என்றார். கெட்டிப்பால் டின். போட்டேன்.

செடி இடுப்புயரம் எழும்பியது. இலை ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். பக்கத்து வீட்டுப் பெண்மணி கைப்பேசியில் படம் எடுத்துத் தன் தங்கைக்கு அனுப்பினார். பூ மட்டும் வரவில்லை. வந்த நான்கைந்தும் உதிர்ந்தன. அதற்குள் இலையின் அடிப்பக்கம் முழுக்க அசுவினி. விரலால் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். நான்கு மாதத்தில் அந்தப் பாத்தி முழுவதும் தந்தது ஏழு கத்திரிக்காய். அதில் இரண்டு சொத்தை.

அப்புறம்தான் ஒரு பால் டின் யூரியாவைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 290 கிராம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அப்படியென்றால் மூன்று சதுர மீட்டருக்கு 133 கிராம். ஹெக்டேர் கணக்கில் 440 கிலோவைத் தாண்டுகிறது. கத்திரிக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து, அதுவும் பல தவணையாக, என்பதுதான் நடைமுறை. என் பாத்திக்கு அது 65 கிராம் யூரியா. நான்கு தவணையாகப் பிரித்தால் ஒரு தவணைக்கு 16 கிராம். மூன்று நான்கு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். மறுநாளே பெய்த மழை பாதியைக் கழுவிக்கொண்டு போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் கருகியிருக்கும் என்று அண்ணன் மகள் பின்னால் சொன்னாள். அம்மாமீது குற்றமில்லை. செம்பனை மரத்துக்கும் கத்திரிச்செடிக்கும் ஒரே அளவு கேட்டவள் நான்.

ஆகவே, செடி கேட்கும்போது மட்டும் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். கேட்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அங்கேதான் அட்டை வந்தது.

அட்டையை எடை போட எனக்கு ஒரு தகுதி உண்டு. 24 ஆண்டுகள் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அரிசியை விடக் கொஞ்சம் பெரிய மின்தடைகளில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, தங்கம் என்று வளையம் போட்டிருப்பார்கள். சிவப்பா ஆரஞ்சா என்று ஒரு நொடி சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டியே திரும்பிப் போகும். நிறத்தை நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் எனக்குச் சம்பளம் வந்தது. அதனால் அட்டை கையில் கிடைத்ததும் முதலில் செய்த காரியம், அதை மூன்று வெளிச்சத்தில் பார்த்தது. சமையலறைக் குழல்விளக்கில் மூன்றாம் பட்டைக்கும் நான்காம் பட்டைக்கும் வேறுபாடு தெரியவில்லை. வெயிலில் நேராகப் பிடித்தால் பிளாஸ்டிக் பளபளத்து எல்லாமே ஒன்று குறைவாகத் தெரிகிறது. காலை வெளிச்சத்தில், என் நிழல் அட்டைமீதும் இலைமீதும் சேர்ந்து விழும்படி நின்றால்தான் ஆறும் ஆறாகப் பிரிகின்றன.

அட்டையின் பின்பக்கத்துக் குறிப்பும் இதைத்தான் சொல்கிறது. நான் வழக்கம்போல் கடைசியாகத்தான் படித்தேன். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் பார்க்க வேண்டும். உடம்பால் வெயிலை மறைத்துக்கொள்ள வேண்டும். முழுதாக விரிந்த இலைகளில் மிக இளையதை எடுத்து, அதன் நடுப்பகுதியைப் பட்டைமீது வைக்க வேண்டும், பறிக்கக் கூடாது. பத்துச் செடி பார்க்க வேண்டும். பத்தில் ஆறோ அதற்கு மேலோ குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் யூரியா போடலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதியை எழுதியவரைக் கைகுலுக்கிப் பாராட்டத் தோன்றியது. எங்கள் தொழிற்சாலையில் பகல் முறைக்காரர் தள்ளிய பெட்டியை இரவு முறைக்காரர் சரி என்று கையெழுத்துப் போட்டு, அதனால் வந்த சண்டைகள் எத்தனையோ.

பொருளின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் உறுதியானது, இரண்டு தடவை வாளித் தண்ணீரில் விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. நிறம்தான் கவலை. சோதித்துப் பார்க்கலாம் என்று, பாதியை அலுமினியத் தாளால் மூடி, ஒரு மாதம் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். தாளைப் பிரித்தபோது வெயில் பட்ட பாதி அரைப் பட்டை அளவுக்கு வெளிறியிருந்தது. மறைக்கிறவர்கள் மறைக்கட்டும், நான் சொல்கிறேன்: இதை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். உறையில் போட்டு அலமாரிக்குள் வையுங்கள். நான் சோதனைக்குப் பலி கொடுத்த பாதி இன்றும் இலைக்கு அரை எண் கூடுதலாகவே காட்டுகிறது.

ஒரு பொருளை அதற்கென்று உள்ள வேலையில் பார்க்காமல் மதிப்பீடு எழுதுவது நியாயமில்லை. எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பாக் சிக்குக்கு (மலாய்ப் பெரியவரை இப்படித்தான் கூப்பிடுவோம்) பெனாகா பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. பினாங்கு என்றால் பாலமும் கடற்கரையும் என்று நினைக்கிறவர்களுக்கு: பினாங்கின் நிலப்பகுதியான செபராங் பிறையின் வடக்கில் இன்னும் நெல் விளைகிறது. விதைத்து முப்பது நாள் ஆன ஒரு சனிக்கிழமை காலை அவருடைய லாரியில் போனேன். வரப்பில் குந்தி, பத்து இடத்தில் இலையைப் பட்டைமீது வைத்துப் பார்த்தேன். ஏழு இடத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே. "உங்கள் பயிருக்குப் பசி, பாக் சிக்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன வாரம்தான் போட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து குறிப்பை மறுபடியும் படித்தேன். நாற்று நட்ட வயலுக்குத்தான் நான்கு. நேரடியாக விதைத்த வயலுக்கு மூன்று. அவருடைய வயல் கையால் தூவி விதைத்தது. மூன்று என்று வைத்துக்கொண்டால் பத்து இடமும் தேறிவிட்டது. அட்டை சரி, படித்தவள்தான் தவறு. நல்லவேளை, பாக் சிக் என் பேச்சைக் கேட்டு மறுபடியும் யூரியா போடவில்லை. நெல்லில் தழைச்சத்து மிஞ்சினால் புகையான் பூச்சி வரும், குலைநோய் வரும், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு காற்றடித்தால் பயிர் பாய் விரித்தது போலப் படுத்துவிடும்.

அதே குறிப்பில் இன்னொரு வரி: வெள்ளைப் பொன்னி போன்ற வெளிர் இலை ரகங்களுக்கும் மூன்று. பொன்னி அரிசி நம் வீட்டு அரிசி. ஆனால் அது நம் ஊர்க்காரி என்பது பலருக்குத் தெரியாது. தைச்சுங் 65 என்ற தைவான் நெல்லையும் மாயாங் எபோஸ் என்ற மலாயா நெல்லையும் இணைத்து, இங்கே செபராங் பிறையில் புக்கிட் மேரா நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்து, 1965இல் மசூரி என்று வெளியிட்டார்கள். அது தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னி ஆயிற்று; அதிலிருந்து வெள்ளைப் பொன்னி வந்தது. அந்த இணைப்பு வேலை தொடங்கியதே தழைச்சத்தின் பொருட்டுத்தான். நம் பக்கத்து நெட்டை நெல் யூரியா போட்டால் உயர்ந்து சாய்ந்துவிடும். கிழக்கு ஆசியக் குட்டை நெல் அதை வாங்கிக் கதிராக்கும். இரண்டையும் சேர்த்தால் உரம் தாங்குகிற நெல் கிடைக்கும் என்பது கணக்கு. மசூரி ருசியில் வென்றது. சாய்கிற குணத்தை முழுதாக விடவில்லை. கும்பகோணத்தில் வாங்கிய அட்டையின் முதுகில் பெனாகாவுக்குப் பக்கத்தில் பிறந்த நெல்லின் பெயர் இருந்ததைக் கண்டு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்காகவே அரை நட்சத்திரம் கூடப் போடலாம்.

இனி என் பாத்திகள். இங்கேதான் அட்டை தடுமாறுகிறது. அதே சமயம் நான் அதிகம் கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

அண்ணன் மகள் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவள். தீபாவளிக்கு வந்திருந்தாள். என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். வாரம் ஒரு தடவை, பாத்திவாரியாக, பத்துச் செடியின் எண்ணும் எழுதி வைத்திருந்தேன். தொழிற்சாலைப் பழக்கம் விடுமா? "அத்தை, இந்த அட்டை ஒரு இலையின் பசியைத்தான் சொல்கிறது. பயிரின் பசி வேறு கணக்கு" என்றாள். மேசையில் கிடந்த சந்தை ரசீதைத் திருப்பிப் போட்டு எழுதத் தொடங்கினாள்.

1984இல் லெமேர், சலெட் என்ற இரண்டு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் மேய்ச்சல் புல்லை வைத்துக் கண்டுசொன்னது இது. பிற பயிர்களிலும் பார்த்த பிறகு, நெல், கோதுமை வகைப் பயிர்களுக்கு ஏறக்குறைய பொருந்துகிற ஒரு கணக்கு கிடைத்தது. வயலில் நிற்கிற பயிரின் காய்ந்த எடை ஹெக்டேருக்கு ஒரு டன் ஆகும்போது, முழு வேகத்தில் வளர அதற்குள் 4.8 விழுக்காடு தழைச்சத்து இருக்க வேண்டும். இரண்டு டன் ஆகும்போது 3.8 போதும். நான்கு டன் என்றால் 3. எட்டு டன் என்றால் 2.4. ரசீதில் இந்த நான்கு எண்ணையும் எழுதி, பக்கத்தில் கிலோக் கணக்கையும் போட்டாள்: 48, 76, 120, 190. "பார்த்தீர்களா அத்தை? பயிர் எட்டு மடங்கு கனத்தது. தழைச்சத்து நான்கு மடங்குதான் ஏறியது."

ஏன் குறைகிறது என்று கேட்டேன். சின்னச் செடி முழுக்க இலைதான். இலையில் இருக்கிற தழைச்சத்தில் முக்கால்வாசி பச்சையத்தைச் சுமக்கிற பச்சைக்கணிகங்களுக்குள் இருக்கிறது; வெயிலைப் பிடித்து மாவாக்குகிற வேலை அங்கேதான். செடி வளர வளரத் தண்டு கூடுகிறது. தண்டு வெறும் தூண். அதற்குத் தழைச்சத்து அதிகம் வேண்டாம். இன்னொன்று, மேல் இலை கீழ் இலைக்கு நிழல் கட்டுகிறது. நிழலில் நிற்கிற இலைக்கு வேலை குறைவு. செடி கணக்குப் பார்த்து, அங்கிருந்து தழைச்சத்தைப் பெயர்த்து மேலே வெயில் படுகிற இலைக்கு அனுப்பிவிடுகிறது. எங்கள் தொழிற்சாலையில் வேலை குறைந்த பிரிவிலிருந்து ஆட்களைத் தூக்கி அடுத்த பிரிவில் போடுவார்களே, அதேதான்.

அட்டை ஏன் வேலை செய்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. செடியின் மொத்தச் சதவீதம் நாளுக்கு நாள் இறங்கினாலும், உச்சியில் வெயிலில் நிற்கிற இளம் இலையின் நிறம் மாறாமல் நிற்க வேண்டும். அதனால்தான் தூர் கட்டுகிற நாளிலிருந்து பூக்கிற வரைக்கும் ஒரே எண்ணை வைத்துப் பார்க்க முடிகிறது. உச்சி இலையே வெளுத்துப்போனால், கீழே பெயர்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள். ஆக, அட்டை சேதி சொல்லும்போது வீட்டில் அரிசிப் பானை காலியாகிச் சில நாள் ஆகியிருக்கும். வீட்டுத் தோட்டக்காரர்கள் அட்டை பார்ப்பதற்கு முன் குனிந்து அடி இலையைப் பார்க்க வேண்டும். தழைச்சத்துக் குறைவு முதலில் மஞ்சளிப்பது அங்கே.

அவள் சொன்ன இன்னொரு சேதி என் நாலாம் பாத்தியைத் தீர்த்து வைத்தது. அந்தப் பாத்திக்கு அண்டை வீட்டுச் சுவர் நிழல். வெயில் மூன்று மணி நேரம்கூட இல்லை. மிளகாய்ச் செடி சாண் உயரம் தாண்டவில்லை. நான் யூரியா போட்டுப் போட்டுப் பார்த்தேன். அட்டையோ ஐந்து காட்டியது. சத்து கொழுத்திருக்கிறது, செடி மட்டும் வளரவில்லை. "தழைச்சத்து போட்டதால் செடி வளர்வதில்லை அத்தை. வெயிலும் தண்ணீரும் இருந்து வளர்வதால்தான் அது தழைச்சத்து கேட்கிறது. வளராத பிள்ளைக்கு நான்கு வேளை சோறு ஊட்டி என்ன செய்வது?" என்றாள். மிளகாயைப் பிடுங்கி முன்வாசல் தொட்டிகளுக்கு மாற்றினேன். ஆறே வாரத்தில் பூ. நிழல் பாத்தியில் இப்போது வல்லாரை இருக்கிறது.

தண்டுக்கீரையில் அட்டையின் எண் ஒத்துவரவில்லை. தண்டுக்கீரையும் மக்காச்சோளமும் வெயிலை வேறு முறையில் பயன்படுத்துகிற இனம். அவற்றுக்கு அந்தக் கணக்கே 4.8இல் தொடங்காமல் 3.6இல் தொடங்குகிறதாம். அதே எடைக்குக் குறைந்த தழைச்சத்து போதும். நெல்லுக்குச் செய்த எண்ணை அப்படியே வைத்தால் கீரைக்குத் தேவைக்கு மேல் போடுவோம். கீரையில் மிஞ்சினால் இலையிலேயே நைட்ரேட்டாகத் தேங்கும். அதைத்தான் நாம் பொரியல் செய்து சாப்பிடுகிறோம். நான் என் கீரைக்கு மூன்று என்று சொந்தமாக ஒரு எண் வைத்துக்கொண்டேன். மூன்று விதைப்பில் சரியாக வந்திருக்கிறது. சிவப்புத் தண்டுக்கீரைக்கு அட்டையைக் காட்டுவது, ஆரஞ்சு வளையத்துக்குப் பச்சை வளையத்தைப் பொருத்துவது போல. முயன்று பார்த்துவிட்டு நானே சிரித்தேன்.

பயற்றங்காய்க்கு அட்டையே வேண்டாம். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது உயிரோடு வேலை செய்கிற முடிச்சு. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அதைப் பார்த்ததும் அம்மா, "ரப்பர் காட்டில் மரத்துக்கு நடுவே கொடி விட்டிருப்பார்களே, அதன் வேரிலும் இப்படித்தான் இருக்கும். அதை வெட்டக் கூடாது என்று கிராணி ஏசுவார்" என்றார். ஏன் வெட்டக் கூடாது என்று அன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அம்மாவுக்கும் அட்டைக்கும் நடந்த போட்டியைச் சொல்லாமல் விட முடியாது. அம்மாவுக்கு இடது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, பார்வை தெளிவு. முதல் சுற்று மிளகாய். இலை நல்ல கரும்பச்சை. அட்டை ஐந்து. அம்மா, "இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்" என்றார். அவர் பிழைத்த உலகத்தில் கரும்பச்சை என்றால் நல்ல மரம், மண்டோர் ஏசமாட்டார். நான் அட்டையின் பேச்சைக் கேட்டேன். பூ பிடித்தது. இந்தச் சுற்று அட்டைக்கு.

இரண்டாவது சுற்று கத்திரி. அடி இலைகள் மஞ்சளித்தன, உச்சி இலையும் மூன்றுக்கு இறங்கியது. பத்தில் ஏழு. விதிப்படி யூரியா. கரண்டியோடு கிளம்பினேன். அம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். ஓர் அடி இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். "நரம்பைப் பார். நரம்பு பச்சையாக நிற்கிறது, இடையில்தான் மஞ்சள். பசி என்றால் இலை முழுக்க வெளுக்கும். இது வேறு. இதற்குத் தோட்டத்தில் வெள்ளையாக ஒரு உப்பு கொண்டுவருவார்கள், கீசரைட்டு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெக்னீசியக் குறைவு. செம்பனைக்கு அதற்காகப் போடுவது கீசரைட். அந்தப் பெயரை அம்மா முப்பது வருடம் நினைவில் வைத்திருந்திருக்கிறார். எப்சம் உப்பும் மெக்னீசிய உப்புதான்; அதை வாங்கி நீரில் கரைத்துத் தெளித்தேன். பழைய இலை தேறவில்லை, புதிதாக வந்தது முழுப் பச்சை. இந்தச் சுற்று யாருக்கு என்று நான் எழுதத் தேவையில்லை.

அட்டை பச்சையின் அளவை மட்டும் பார்க்கிறது. எந்த இலை, நரம்பா இடைவெளியா, எதனால் வெளுத்தது என்று அதற்குத் தெரியாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் இலை கருத்துக்கூடப் போகும். அப்போது அட்டை ஐந்து காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். தமிழில் நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். தழை வேண்டும் என்றால் அது. காய் வேண்டும் என்றால் அதோடு முடிவதில்லை.

விலை உயர்ந்த மாற்று ஒன்றும் உண்டு. இலையைக் கிளிப்பில் கவ்வி, சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் அனுப்பி எண் காட்டுகிற பச்சைய மானி. அண்ணன் மகள் ஆய்வகத்தில் பயன்படுத்தியிருக்கிறாள். விலையை ரிங்கிட்டில் சொன்னாள். நான்கு பாத்தி வைத்திருப்பவள் காதில் போட்டுக்கொள்ளக் கூடாத தொகை.

என் மதிப்பு: நெல் வைத்திருப்பவருக்கு ஐந்துக்கு நாலரை, அரை குறைத்தது வெளிறுகிற பிளாஸ்டிக்குக்கு. வீட்டுத் தோட்டத்துக்கு மூன்று. வெறும் கண்ணால் பார்த்துக் கைக்கு வந்ததைப் போடுகிறவர்களுக்கு இது கையைக் கட்டிப்போடுகிறது, அதற்காகவே வாங்கலாம். ஆனால் ஒரு சமையலறைத் தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் இல்லாமல் இதை மட்டும் வாங்காதீர்கள். எப்போது போடுவது என்று அட்டை சொல்லும், எத்தனை கிராம் என்று சொல்லாது. இந்த ஆண்டு கத்திரிப் பாத்திக்கு 16 கிராம் வீதம் மூன்று தவணைதான் போட்டேன். நான்காவது தவணைக்கு அட்டை இடம் கொடுக்கவில்லை. செடி முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிறது, யாரும் படம் எடுக்கவில்லை. நேற்று வரைக்கும் 63 காய்.

சித்தப்பா மகன் மார்கழியில் மறுபடியும் கும்பகோணம் போகிறான். இரண்டு அட்டை சொல்லியிருக்கிறேன், ஒன்று பாக் சிக்குக்கு. அம்மா இந்தத் தடவை தனக்கு ஒரு புடவை கேட்டிருக்கிறார். என்ன நிறம் என்றால், ஆறாம் பச்சையாம்.